வளைந்த விரல்களும் விழித்த கண்களும்



எல்லாப் பங்கிலும் இப்படிப்பட்ட கைகள் உண்டு. திருப்பலி முடிந்து வாசலில் நிற்கும்போது, வணக்கம் சொல்லக் கைகளை உயர்த்தி, ஆனால் உள்ளங்கைகளை ஒட்டிக் குவிக்க முடியாமல் தயங்கும் பெரியவர்கள். விரல் மடங்காததால் மணியை உருட்ட முடியாமல், செபமாலையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு செபிக்கும் மூதாட்டிகள். நற்கருணையைக் கையில் வாங்கினால் நழுவிவிடுமோ என்று அஞ்சி நாவை நீட்டுபவர்கள். என்ன ஆயிற்று என்று கேட்டால் வாதம், வாயு என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள். எங்கள் திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காட்டில் களை வெட்டியும் பருத்தி எடுத்தும் தேய்ந்துபோன கைகள் என்று நாமும் எண்ணிக்கொள்கிறோம். உழைப்பால் கை காய்க்கும், தோல் வெடிக்கும். விரல்கள் இப்படிக் கோணிப்போவது பெரும்பாலும் நோயினால்.

அந்த நோயைத் தம் கைகளில் ஏறத்தாழ 60 ஆண்டுகள் சுமந்த ஒரு மனிதரைப் பற்றி இந்த வாரம் சிந்திக்கலாம் என நினைத்தேன். அவர் பெயரைச் சொன்னால் உங்களுக்கு நன்றாகத் தெரியும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஜி. வெங்கடசாமிதான் அவர். உடன் உழைத்தவர்கள் சுருக்கமாக டாக்டர் வி என்று அழைத்தார்கள். அவருடைய மருத்துவமனையைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதைப் பாடமாகவே வைத்திருக்கின்றன. நான் எழுத விரும்புவது அவருடைய விரல்களைப் பற்றி.

மதுரையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை திருமங்கலம், விருதுநகர், சாத்தூர் என்று போய்க் கோவில்பட்டியை அடைகிறது. அங்கிருந்து கிழக்கே, பாரதியார் பிறந்த எட்டயபுரத்துக்கு அருகில் அயன் வடமலாபுரம் என்ற சிற்றூர். அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம், இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம். வானம் பார்த்த கரிசல் பூமி. அங்கே 1918-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாக வெங்கடசாமி பிறந்தார். எருமைகளை மேய்த்துவிட்டுப் பள்ளிக்கு வெறுங்காலோடு நடந்து போன தலைமுறை அது. தாளும் பென்சிலும் இல்லை. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி, அதில் விரலால் எழுதிப் பழகினார்கள். பின்னாளில் அந்த விரல்களுக்கு நேர்ந்ததை எண்ணும்போது இந்தச் சிறு செய்தி மனதைத் தொடுகிறது.

அவர் சிறுவனாக இருந்தபோது உறவுமுறைச் சகோதரிகள் மூவர், ஒருவர் பின் ஒருவராக, பேறுகாலத்தில் இறந்துபோனார்கள். கர்ப்பகாலத்தின் கடைசி மாதங்களில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பில் முடியும் நோய் அது. ஊரில் மருத்துவர் இல்லை. தாயும் போய்க் குழந்தையும் போன வீடுகளின் அழுகையைக் கேட்டு வளர்ந்த அந்தச் சிறுவன், தான் மருத்துவனாக வேண்டும், அதுவும் பிரசவம் பார்க்கும் மருத்துவனாக வேண்டும் என்று முடிவு செய்தான். இந்த ஆசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் முதலில் பறித்தது இதைத்தான்.

மதுரையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து 1938-இல் பட்டம் பெற்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் மருத்துவப் படிப்பை முடித்தார். காந்தியடிகளின் தாக்கம் ஆழமாக இருந்த காலம். 1945-இல் இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த ஆண்டு அது. இளம் மருத்துவர், நல்ல உடல்வாகு, முன்னே ஒரு தெளிவான பாதை. மூன்றே ஆண்டுகளில், 1948-இல், உடல்நலக் காரணத்தால் இராணுவம் அவரை விடுவித்து வீட்டுக்கு அனுப்பியது. வயது 30.

வந்த நோய் முடக்குவாதம். மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்பார்கள். நாட்டு வைத்தியத்தில் சரவாங்கி என்று ஒரு பெயர் உண்டு. நம் மக்கள் மூட்டில் வருகிற எல்லா நோய்க்கும் வாதம் என்று ஒரே பெயர் சூட்டிவிடுவதால், இங்கே சற்று நின்று விளக்குவது நல்லது.

விரல் மூட்டுகளைக் கோணலாக்கும் நோய்களில் இரண்டை மக்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று கௌட். இரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து, அது ஊசி ஊசியான படிகங்களாக மூட்டுக்குள் இறங்குவதால் வருவது. ஆண்களுக்கே அதிகம். பெரும்பாலும் கால் பெருவிரலின் அடிமூட்டில், ஒரு நள்ளிரவில், தீப்பட்டது போலத் தொடங்கும். சில நாட்களில் அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால், அந்தப் படிகங்கள் சுண்ணாம்புக் கட்டி போல விரல் மூட்டுகளிலும் முழங்கையிலும் காது மடலிலும் திரளும். கை விரல்கள் முடிச்சு முடிச்சாகிப் பக்கத்துக்கு ஒன்றாய்த் திரும்பிவிடும். சில நேரம் தோல் உடைந்து வெள்ளைக் கூழாக வெளியே வரும். இது இரத்தப் பரிசோதனையும் முறையான மாத்திரையும் இருந்தால் பெருமளவு தடுக்கக்கூடியது.

மற்றொன்று முடக்குவாதம். இதில் வெளியிலிருந்து எதுவும் வந்து படிவதில்லை. நம் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி, மூட்டின் உள்ளுறையைப் பகையாக எண்ணித் தாக்குகிறது. பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பிடிக்கும். பெரும்பாலும் இரு கைகளிலும் ஒன்றுபோல வரும். காலையில் எழுந்ததும் விரல்கள் மரக்கட்டை போல விறைத்திருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனாலும் இளகாது. உள்ளுறை வீங்கி வீங்கி எலும்பின் முனையை அரிக்கிறது, மூட்டைக் கட்டி வைத்திருக்கும் நார்கள் தளர்கின்றன, தசைநார்கள் தம் தடத்தைவிட்டு நழுவுகின்றன. முடிவில் நான்கு விரல்களும் சுண்டுவிரல் பக்கமாகக் காற்றில் சாய்ந்த பயிர் போலச் சாய்ந்துவிடுகின்றன. ஒரு விரல் நடுமூட்டில் பின்னால் வளைந்து நுனியில் முன்னால் மடியும், அடுத்த விரல் அதற்கு நேர்மாறாக மடியும். ஒருமுறை இப்படி ஆகிவிட்ட விரலை மாத்திரையால் நிமிர்த்த முடியாது.

வெங்கடசாமி நோயில் விழுந்த ஆண்டில் இந்த நோய்க்கு மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. வலிக்கு ஆஸ்பிரின், சிலருக்குத் தங்க உப்பு ஊசி. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் என்பவர் கார்ட்டிசோனை முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குச் செலுத்திப் பார்த்தது அதே 1948-இல்தான். அதற்காக 1950-இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இன்று பலரை முடங்காமல் காக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை இந்நோய்க்குப் பரவலானது 1980-களில். அதாவது, சிகிச்சை என்பது பிறப்பதற்கு முன்பே அவருடைய விரல்கள் போய்விட்டன.

(இதைப் படிக்கிறவர்களில் காலையில் விரல் விறைக்கிறவர் யாராவது இருந்தால், தயவுசெய்து மருத்துவரிடம் போங்கள். வலி உடனே பறந்துவிடும் என்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் பொடியை வாங்காதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்பது விற்கிறவருக்கே தெரியாது. முதல் சில மாதங்களில் தொடங்கும் சிகிச்சைதான் விரலைக் காப்பாற்றுகிறது.)

அவர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். நிற்க முடியவில்லை, நடக்க முடியவில்லை. ஒரு பேனாவைப் பிடித்துத் தம் பெயரை எழுதவும் முடியவில்லை. வலி என்றால் போர்வை உராய்ந்தாலே துடிக்கிற அளவு வலி. இந்நோய் கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். மெல்ல மெல்ல எழுந்து நின்றபோது, விரல்கள் பழைய விரல்களாக இல்லை. பிரசவ மருத்துவம் முடிந்துபோன கனவாகிவிட்டது. தாயின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தையின் தலை எங்கே இருக்கிறது என்று உணரவும், இக்கட்டான நேரத்தில் பலத்தோடு இழுக்கவும், மணிக்கணக்கில் நிற்கவும் வலுவான கைகள் வேண்டும். அது இனி இல்லை.

இந்த இடத்தில் அவருடைய வரலாற்றைச் சொல்கிறவர்கள் பலரும் வேகமாக அடுத்த வெற்றிக்குத் தாவிவிடுகிறார்கள். மன உறுதியால் நோயை வென்றார் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரியில் உடன்பாடு இல்லை. அவர் நோயை வெல்லவில்லை. அது கடைசி நாள் வரை அவரோடு இருந்தது. நற்செய்தியில் தொழுகைக்கூடத்தில் இருந்த கை சூம்பியவர் கையை நீட்டினார், அது நலமடைந்தது. வெங்கடசாமியின் கை நலமடையவே இல்லை. நலமடையாத கையால் என்ன செய்யலாம் என்பதுதான் அவர் முன்னிருந்த கேள்வி. அது கடினமான கேள்வி. நம்மில் பலருக்கும் கேட்கப்படும் கேள்வியும் அதுவே.

அவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். முதல் பார்வைக்கு இது விந்தையாகத் தோன்றும். கோணிய விரல்களோடு ஒருவர், உடலிலேயே மிக நுட்பமான உறுப்பையா தேர்ந்தெடுப்பார்? ஆனால் சற்று எண்ணிப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் தெரிகிறது. கண் அறுவை சிகிச்சைக்குப் பலம் வேண்டாம். பெரிய வீச்சு வேண்டாம். கையின் பக்கத்தை நோயாளியின் நெற்றியில் ஊன்றிக்கொண்டு, விரல் நுனிகளை மிகச் சிறிய தூரம் நகர்த்தினால் போதும். நகர்வு சிறியது, ஆனால் பிசகக் கூடாது. வலுவை இழந்த கைக்கும் துல்லியத்தைக் கற்பிக்க முடியும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் படித்து 1951-இல் கண் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். படிப்பைவிடக் கையைப் பழக்கியதுதான் பெரிய காரியம். கத்தியை எந்த விரல் இடுக்கில் வைத்தால் நிற்கும், எந்தக் கோணத்தில் மணிக்கட்டைத் திருப்பினால் நடுங்காது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். தம் விரல்களின் வடிவத்துக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். மற்ற மாணவர்கள் ஒரு முறையில் கற்றதை இவர் பல மடங்கு முறை செய்து கற்றிருப்பார்.

அக்காலத்துக் கண்புரை அறுவை சிகிச்சை இன்றைய சிகிச்சை போன்றது அல்ல. இன்று சில மில்லிமீட்டர் துளை வழியாகப் புரையை எடுத்து உள்ளேயே செயற்கை லென்ஸை வைத்து அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அன்று கருவிழியின் விளிம்பில் ஏறத்தாழ அரைவட்டமாகத் திறந்து, புரை விழுந்த லென்ஸை அதன் உறையோடு முழுதாக வெளியே எடுப்பார்கள். இழுக்கும்போது உறை கிழிந்தாலோ, கண்ணில் அழுத்தம் கூடினாலோ, கண்ணின் உள்ளிருக்கும் கூழ்நீர் வெளியேறிவிடும். பிறகு நோயாளி சில நாட்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். கண்ணுக்குள் லென்ஸ் இல்லாததால் சோடாபுட்டி போன்ற கண்ணாடியை வாழ்நாள் முழுவதும் அணிய வேண்டும். நம் தாத்தா பாட்டிமார் அணிந்திருந்த அந்தக் கண்ணாடிகள் நினைவிருக்கிறதா? அந்தச் சிகிச்சையைத்தான் இந்த விரல்கள் செய்தன. ஒன்றிரண்டு முறை அல்ல. வாழ்நாளில் 1,00,000-க்கும் அதிகமான கண் அறுவை சிகிச்சைகளை அவர் தம் கையாலேயே செய்தார். சில நாட்களில் ஒரே நாளில் 100 வரைகூடச் செய்ததுண்டு.

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், அன்று எர்ஸ்கின் மருத்துவமனை என்று வழங்கிய இன்றைய இராஜாஜி மருத்துவமனையில் கண் அறுவை மருத்துவராகவும் வந்தார். 20 ஆண்டுகள் அங்கேதான். அந்த ஆண்டுகளில் அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். மருத்துவமனைக்கு வந்து சேர்கிற குருடரைவிட வராமலே இருக்கிற குருடர்கள் பலர். புரை விழுந்தால் வயதாகிவிட்டது, விதி என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவது நம் கிராமத்து வழக்கம். பேருந்துக் கட்டணம் இல்லை. கூட வர ஆள் இல்லை, வந்தால் அவருடைய ஒரு நாள் கூலி போய்விடும். கத்தி என்றால் பயம். எனவே 1960-களில் அவர் கிராமங்களைத் தேடி முகாம்களோடு போனார். கண் தெரியாதவர்களுக்குத் தொழில் கற்பிக்கும் மறுவாழ்வுப் பணியும் அவருடைய முயற்சியால் மதுரையில் தொடங்கியது. 1965-இல் அமெரிக்கா சென்றபோது, பார்வையற்றோருக்காக உலகளவில் உழைத்த சர் ஜான் வில்சனைச் சந்தித்தார். சிறுவயதில் பள்ளி ஆய்வகத்தில் நடந்த வெடி விபத்தில் பார்வையை இழந்தவர் ஜான் வில்சன். அந்த நட்பு நெடுநாள் நீடித்தது. 1973-இல் இந்திய அரசு வெங்கடசாமிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு. நோயுள்ள உடம்பு, திருமணமும் செய்துகொள்ளவில்லை, ஓய்வூதியம் உண்டு. பேரப்பிள்ளைகளைப் போலத் தம்பி தங்கையரின் பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ மதுரை அண்ணாநகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இந்திய அரசு பார்வையிழப்புத் தடுப்புக்கெனத் தேசியத் திட்டத்தைத் தொடங்கியதும் அதே 1976-இல்தான். வங்கிகள் கடன் தரத் தயங்கின. வீட்டை அடமானம் வைத்தார்கள். குடும்பத்துப் பெண்களின் நகைகள் அடகுக்குப் போயின. பணம் கொடுக்க முடிந்தவர் கொடுக்கட்டும், முடியாதவர் கொடுக்க வேண்டாம், இருவருக்கும் அறுவை சிகிச்சையின் தரம் ஒன்றே என்பதுதான் ஏற்பாடு. கொடுப்பவரின் பணத்தில் கொடுக்க இயலாதவருக்கும் சிகிச்சை நடந்தது.

தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, கட்டடங்களை எழுப்பிய தம்பி சீனிவாசன் என்று குடும்பமே இதில் இறங்கியது. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் எளிதான மனிதர் அல்லர். தமக்கு விதித்த உழைப்பையே தம்மைச் சார்ந்தவர்களுக்கும் விதித்தார். வெளியே நல்ல வருமானம் ஈட்டியிருக்கக்கூடிய இளம் மருத்துவர்கள் குறைந்த சம்பளத்தில், நீண்ட நேரம், விடுமுறை பாராமல் உழைத்தார்கள். களைப்பும் மனக்குறையும் அவர்களுக்கு இருந்தன. தியாகம் செய்கிறவரைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர் அருகில் வாழ்கிறவர்கள் தாங்களாகத் தேர்ந்தெடுக்காத தியாகத்தையும் செய்ய வேண்டியிருக்கிறது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. துறவு வாழ்வில் இருக்கும் எங்களுக்கும் இது பொருந்தும்.

அவருடைய விரல்களுக்கும் அவர் கட்டிய மருத்துவமனையின் அமைப்புக்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம். கை எவ்வளவு செய்யும், எதற்கு மேல் செய்யாது என்பதை ஒவ்வொரு காலையும் வலியோடு அறிந்தவர் அவர். ஆகவே ஒரு மருத்துவரின் கை ஒரு நொடியும் வீணாகக் கூடாது என்று பார்த்தார். அரவிந்த் அறுவை அரங்கில் இரண்டு மேசைகள் அருகருகே இருக்கும். ஒன்றில் மருத்துவர் சிகிச்சை செய்யும்போதே அடுத்ததில் இன்னொருவரைப் படுக்கவைத்து ஆயத்தம் செய்துவிடுவார்கள். முடித்ததும் மருத்துவர் திரும்பினால் போதும். பார்வையை அளப்பது, சொட்டு மருந்து விடுவது, கருவிகளை எடுத்துக் கொடுப்பது, கட்டுப் போடுவது என்று மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்றில்லாத எல்லாவற்றையும் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள் செய்கிறார்கள். பள்ளிப்படிப்பு முடித்தவர்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து ஆளாக்குகிறார்கள். உலகெங்கும் ஒரே தரத்தில் ரொட்டி விற்கும் மெக்டொனால்ட்ஸ் கடைகளைப் பார்த்து, கண் சிகிச்சையை ஏன் அப்படி எல்லா ஊருக்கும் கொடுக்கக் கூடாது என்று அவர் கேட்டது பலருக்கும் வேடிக்கையாக இருந்தது. இன்று இங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு 2,000 கண்புரை சிகிச்சைகள் வரை செய்கிறார்.

தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று மருத்துவமனைகள் பெருகின. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காலத்தில், 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி மதுரையிலேயே அதைச் செய்யத் தொடங்கினார்கள். விலை பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியது. சோடாபுட்டிக் கண்ணாடி நம் கிராமங்களிலிருந்து மறைந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எல்லாம் வெற்றி என்றும் சொல்ல முடியாது. கண் சிகிச்சை தேவைப்படும் கிராமத்தவரில் 100-க்கு 7 பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இலவசம் என்று அறிவித்து, பேருந்து அனுப்பி, சாப்பாடு போட்டும் இவ்வளவுதான். அந்த உண்மையை ஒளிக்காமல், சிறு ஊர்களிலேயே நிரந்தரப் பார்வை மையங்களை அடுத்த சில ஆண்டுகளில் திறக்கத் தொடங்கினார்கள். திண்ணையில் உட்கார்ந்தவரை எழுப்புவது இன்றும் எளிதாக இல்லை. எங்கள் பங்கிலேயே ஒரு முதியவரை முகாமுக்கு அனுப்ப மூன்று முறை வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.

அவர் கிறிஸ்தவர் அல்லர். பாண்டிச்சேரி ஸ்ரீ அரவிந்தரிடமும் அன்னையிடமும் ஆழ்ந்த பற்றுக் கொண்டவர். மருத்துவமனைக்கு அரவிந்தர் பெயரைச் சூட்டியதும் அதனால்தான். தினமும் அதிகாலையில் எழுந்து தியானமும் வாசிப்பும் முடித்த பிறகே மருத்துவமனைக்குப் போவார். தம் வேலை இறைவனின் வேலை, தாம் அதற்கு ஒரு கருவி என்ற எண்ணம் அவரிடம் உறுதியாக இருந்தது. கருவி என்ற சொல்லை நாங்களும் மறையுரையில் அடிக்கடி சொல்கிறோம். அவர் சொன்னபோது அதற்கு வேறு எடை இருந்திருக்க வேண்டும். வளைந்துபோன கருவியைக் கொண்டும் வேலை நடக்கும் என்பதை அவர் கை நாள்தோறும் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

70 வயதை நெருங்கும்வரை அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. அதன் பிறகும் வீட்டில் இருக்கவில்லை. தோள் குனிந்து, மெதுவாக நடந்து மருத்துவமனைக்கு வருவார். வரிசையில் காத்திருக்கும் கிராமத்தவர்களிடையே உட்கார்ந்து பேசுவார். 2006-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் மதுரையில், தமது 87-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

1948-இல் ஒரு பேனாவைப் பிடிக்க முடியாமல் இருந்த அந்த விரல்களால், அவர் பல்லாண்டுகள் நாட்குறிப்பு எழுதி வந்தார். அவர் போன பிறகு அவரைப் பற்றி நூல் எழுதியவர்கள் அந்தக் குறிப்பேடுகளைக் கட்டுக்கட்டாக எடுத்துப் படித்திருக்கிறார்கள்.